சதுக்கத்துக்கு வந்த அழைப்பு

ஊரே வேலைநிறுத்தத்தில் இருந்த அன்று, தொலைபேசி நிலையத்தில் ஒருத்தி மட்டும் போர்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு அழைப்பையும் ஆபரேட்டர் கையால் ஒயர் செருகி இணைத்துவிட வேண்டிய காலம் அது. பயந்தாங்கொள்ளி என்று அவளை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு மற்ற ஆபரேட்டர்கள் வெளியேறியிருந்தார்கள். பேசிவிட்டுப் போகட்டும், அவள் வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. தம்பி ஏற்கெனவே வேலையை உதறிவிட்டுச் சதுக்கத்தில் கொடி பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு வீட்டுக்கு ஒரு புரட்சிக்காரன் போதாதா?

மூன்று மணிக்குப் போர்டில் ராணுவத் தலைமையகத்தின் விளக்கு எரிந்தது.

"சதுக்கத்துல இருக்குற கேப்டனைக் குடு. சீக்கிரம்."

கூட்டத்தைக் கலைக்கச் சுடப்போகிறார்கள் என்று காலையிலிருந்தே பேச்சு. இந்த உத்தரவு போய்ச் சேர்ந்தால் தம்பி பிழைப்பானா? பத்து வருஷத்தில் ஒரு அழைப்பைக்கூடத் தவறவிடாதவள், செருகப்போன ஒயரைக் கீழே போட்டாள்.

"லைன் கிடைக்கல சார்."

மறுபடி விளக்கு எரிந்தது. மறுபடியும் அதே பொய். மூன்றரை நெருங்கும்போது, நான்காவது தடவை, அந்தக் குரல் உடைந்துபோயிருந்தது.

"என்னம்மா பண்ற? மூணரைக்குச் சுடச் சொல்லியிருக்கேன். வேண்டாம்னு சொல்லத்தானே கூப்பிடுறேன்."

ஒயரைச் செருகினாள். எதிர்முனையில் யாரும் பேசவில்லை. துப்பாக்கிச் சத்தம்தான் கேட்டது.

தம்பி தப்பித்துவிட்டான். பதினொரு பேர் தப்பவில்லை. அவர்களுக்காக நாடு கொதித்தெழுந்தது, ஆறே மாதத்தில் ஆட்சி கவிழ்ந்தது, பிறகு தம்பி மந்திரியானான். அழைப்பை இணைக்கவில்லை என்று அவனிடம் அவள் பாதிதான் சொல்லியிருந்தாள். மீதியை அவனே இட்டுக்கட்டிக்கொண்டான். சுடச் சொன்ன ராணுவ உத்தரவைத் தடுக்கப் பார்த்த வீராங்கனை என்று பாடப்புத்தகத்திலும் ஏற்றிவிட்டார்கள்.

இருபதாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில் பேச அழைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் தம்பியிடம் முழுவதையும் சொன்னாள். மந்திரியின் முகத்தில் ஈயாடவில்லை.

"இத்தனை வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தியே, இன்னைக்கு என்னக்கா வந்துது?"

"செத்துப்போன பிள்ளைங்களோட அம்மாங்க முன்வரிசையில உக்காந்திருக்காங்க. அதுல ஒருத்தங்க என் கையப் பிடிச்சு, நீயாவது முடிஞ்சதைச் செஞ்சியேம்மான்னு சொன்னாங்க."

"வெளிய தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க. வணக்கம் சொல்லிட்டு இறங்கிடுக்கா."

"உன்னைக் காப்பாத்தத்தான் அன்னைக்குப் பொய் சொன்னேன். இன்னொரு தடவை என்னால முடியாதுடா."

மேடையேறினாள். எழுதிக் கொடுத்திருந்த பேச்சை மடித்து வைத்துவிட்டு முன்வரிசையைப் பார்த்தாள். பாவம், மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் அந்தத் தாய்மார்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நிறுத்தும்வரை காத்திருந்தாள்.

"உங்க பிள்ளைங்களைச் சுட வேண்டாம்னு அன்னைக்கு ஒரு ஃபோன் வந்துது" என்றாள். "அதை நான் குடுக்கல."