அந்த வரி இல்லாத மாலை

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. யாரோ கைப்பேசியில் ஒரு ராப் பாட்டை ஓடவிட்டார்கள். முன் இருக்கைப் பெண்மணி எழுந்து, எந்த நிறுத்தம் என்றுகூடப் பார்க்காமல் இறங்கிப் போனார். அவருக்குத் தலைவலியாக இருந்திருக்கலாம். நான்தான் அவரை அந்தப் பாட்டைப் பாடிய பெண்ணின் அம்மாவாக்கிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "ஆயிரம் விளக்குகளின் நடுவே அவள்..." (வேண்டாம். விளக்குகளைப் பற்றி எனக்கென்ன தெரியும்?)

இன்னொன்று: மேடையில் அவள் பெயர் அடாவடி. பாட்டைத் தாளில் எழுதமாட்டாள். ஒலிப்பதிவு அறையில் பீட்டை ஓடவிட்டு, வாயில் வருவதைச் சொல்லிக்கொண்டே நடப்பாள். அப்படி ஒருநாள், சிறுவயதில் அம்மா திட்டியது அம்மாவின் குரலிலேயே வந்து விழுந்தது: "நீ வாயை மூடு, வீடு உருப்படும்." ஒலிப்பதிவாளர் சிரித்துவிட்டார். அதுவே பல்லவியானது. அந்தப் பாட்டுக்குப் பிறகுதான் விருதுகள், வெளிநாட்டு மேடைகள், எல்லாம்.

(பழிவாங்கினாளா? எனக்குச் சந்தேகம்தான். பீட்டில் கச்சிதமாக உட்கார்ந்த வரியை விட மனம் வரவில்லை, அவ்வளவே. எழுதுகிறவர்களுக்கு அந்தப் பசி தெரியும்.)

3

அம்மா ஆடைத் தொழிற்சாலையில் இஸ்திரி போடுகிறார். மகள் எவ்வளவு சொல்லியும் வேலையை விடவில்லை. பாட்டு வந்தபின் அங்கே அவர் வாய் திறந்தாலே யாராவது அந்த வரியைப் பாடுவார்கள். பாசமாகத்தான். சூப்பர்வைசர்கூட. முதலில் அவரும் சிரித்தார். பிறகு பேச்சைக் குறைத்தார். இப்போது மதியச் சாப்பாட்டையும் தனியாகச் சாப்பிடுகிறார்.

இன்று மாலை முதல்முறையாக மகளின் நிகழ்ச்சிக்கு வந்திருக்கிறார். ஒப்பனை அறையில், நின்றுகொண்டே கேட்டார்:

"நான் சொன்னேன்தான், இல்லைங்கலை. ஆனா வேற எவ்வளவோ சொல்லியிருக்கேனேடி. அது ஒண்ணுதான் உன் காதுல விழுந்துச்சா?"

அடாவடியின் பதிலைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். "அம்மா, அது வெறும்..." "நீ மட்டும் அன்னைக்கு..." கடைசியில் அவளைப் பேசாமல் நிற்கவிட்டேன். அம்மாவே தொடர்ந்தார்:

"இன்னைக்கு ஒரு நாள் அந்த வரியை விட்டுடு. நான் அங்கதானே உட்கார்ந்திருப்பேன்."

"சரிம்மா."

அந்த வரிக்காகத்தானே ஜனங்கள் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள் என்றார் அடாவடியின் மேலாளர். அதை எடுத்துவிட்டால் மேடையில் உடற்பயிற்சிதான் செய்யவேண்டும் என்றும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

4

அவள் பாடிவிட்டாள் என்று முடிக்கலாம். அம்மா எழுந்து போவார். மேடையிலேயே மன்னிப்புக் கேட்டாள் என்றும் முடிக்கலாம். அரங்கம் கைதட்டும், அந்தக் கைதட்டலும் மகளுக்கே போகும். (இரண்டையும் அடித்துவிட்டேன்.)

என்னால் எழுத முடிந்தது இதுவரைதான். பல்லவி வருகிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்றி, அவள் பாடாமல் நிற்கிறாள். வெறும் பீட் ஓடுகிறது. முன்வரிசையில் அம்மா மடியில் கைகளைக் கோத்தபடி இருக்கிறார். கூட்டத்துக்கு அந்த வரி மனப்பாடம். அடாவடி கூட்டத்தைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைக்கிறாள்.

அவளை நிறுத்திவைக்க என்னால் முடிந்தது. கூட்டத்தின் வாயை மூட முடியவில்லை.

அம்மாவுக்கு நேர்பின்னால் ஓர் இருக்கையைக் காலியாக வைத்திருக்கிறேன். வந்து உட்காருங்கள். அந்த வரி இப்போது உங்களுக்கும் தெரியும்.