மொட்டைமாடியில் பன்னிரண்டு வெண்டைக்காய்

பாம்... பாம்... பாம்!

வாசலில் ஹாரன் அலறியதும் கண்டக்டர் ஈரத்தலையைத் துவட்டாமலே ஓடிவந்தார். சொன்னபடி மச்சான் வந்து இறங்கிவிட்டார்.

வந்தவர் லேசுப்பட்ட ஆளில்லை. மனைவியின் அண்ணன், உரக்கடை முதலாளி, அடுத்தவர் தோட்டத்தில் குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் சோறு இறங்காத பிறவி. "மாடியில வெண்டைக்காய் காய்ச்சுக் குலுங்குது மச்சான்" என்று ஒரு மாதமாக அவரிடம் போனில் அளந்துவிட்டிருந்தார் கண்டக்டர். உண்மையில், யூரியாவை அள்ளிக் கொட்டியதில் நாலு செடியும் யானைக்காது மாதிரி இலை விட்டதே தவிர, மருந்துக்குக்கூட ஒரு காய் இல்லை. 'கிளம்பிட்டேன்' என்று காலையில் மச்சான் போன் செய்ததும், கண்டக்டர் காய்கறிக் கடைக்கு ஓடினார். பிஞ்சாகப் பார்த்துப் பன்னிரண்டு பொறுக்கிவந்து, பச்சை நூலால் செடிக்கு மூன்றாகக் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் குளிக்கவே போனார்.

"என்ன மாப்ள, முகம் வெளுத்துக் கிடக்கு? காயெல்லாம் வித்துத் தீந்துபோச்சா?"

"வாங்க மச்சான். முதல்ல காபி குடிச்சிட்டு..."

"காபி எங்கயும் ஓடிடாது. மாடிக்கு நடங்க."

படியேறும்போதே மச்சான் ஆரம்பித்தார். "நம்ம கடைக்கு வர்ற வாத்தியார் ஒருத்தர் இப்படித்தான் பீத்திக்கிட்டிருந்தார். போய்ப் பாத்தா, கடைக் காய நூல்ல கட்டித் தொங்கவிட்டிருக்கார்! தொங்குறதுக்கு அது என்ன புடலங்காயா? வெண்டைக்காய் வானத்தப் பாத்துல்ல நிக்கும்! இன்னிவரைக்கும் அந்தாளுக்குப் பேரு 'தொங்கல் வாத்தியார்'தான்."

முப்பது வருடம் ஓடும் பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்ற கண்டக்டர், மாடிப்படிச் சுவரைக் கட்டிக்கொண்டார். தொங்கல் கண்டக்டர். பேத்தி கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் போடுவார்கள்.

மச்சான் கதவைத் தள்ளினார். பன்னிரண்டு காயும் விறைப்பாக வானத்தைப் பார்த்து நின்றன.

கண்டக்டர் கண்ணைக் கசக்கினார். "அட!" என்று கையை நீட்டிக்கொண்டு செடியை நெருங்கினார் மச்சான்.

"தொடாதண்ணே! இப்பதான் பூச்சிமருந்து அடிச்சிருக்கு!" துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

மச்சான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ம்... பரவால்ல" என்று பல் பிடுங்கப்பட்டவர்போல முனகிவிட்டு, காபியைத் தேடிக் கீழே இறங்கினார்.

கண்டக்டர் செடிப்பக்கம் குனிந்து பச்சை நூலைத் தடவிப் பார்த்தார். மனைவி ஈரத்துண்டை உதறிக் கொடியில் போட்டபடி சொன்னாள்:

"நீங்க குளிச்சிட்டு வர்றதுக்குள்ள பன்னெண்டையும் திருப்பிக் கட்டி எனக்கு விரலே போச்சு, அடுத்த தடவ எங்கண்ணன ஏமாத்துறதா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் செய்ங்க!"