யார் வைத்த பயிர்

“இன்னைக்காவது வாயத் தொறந்து சொல்லுவீங்களா, மாட்டீங்களா?”

கண்ணாத்தாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பதில் வராமல் கொடுப்பதாக இல்லை. அவள் புருஷன் இராஜாங்கம் ஈரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“சொல்றேன்டி. குத்தகைக்கு எடுத்தது நான், பயிர் வச்சதும் நான்தான்னு சொல்றேன். போதுமா?”

கீழ்வேளூருக்குக் கிழக்கே வயலெல்லாம் தண்ணீராகக் கிடந்தது. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் மழை கொட்டி, சம்பா முழுக்க அழுகிவிட்டது. பயிர் வைத்தவர்களுக்கு அரசாங்கம் வெள்ள நிவாரணம் அறிவித்திருந்தது. அது கைக்கு வந்தால் மறுபடி ஒரு போகம் வைக்கலாம். வராவிட்டால், ஊரில் பாதிப் பேரைப் போலத் திருப்பூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நிலம் தியாகேசனுடையது. பிள்ளைகள் அமெரிக்காவில், அவர் தஞ்சாவூரில். இராஜாங்கத்தின் அப்பா காலத்திலிருந்து குத்தகை வெறும் வாய்வார்த்தைதான். எழுதிக் கொடுத்தால் நிலத்தில் பாத்தியதை கேட்டுவிடுவார்களோ என்று தியாகேசனுக்குப் பயம். எழுதித் தரச் சொல்லிக் கேட்டால், “என் மேல நம்பிக்கை இல்லையா?” என்பார். நம்பவேண்டிய வேலை மட்டும் எப்போதும் ஏழைக்கு. இராஜாங்கமும் அதற்கு மேல் கேட்டதில்லை.

அன்று பயிர்ச் சேதத்தைக் கணக்கெடுக்க அதிகாரி வருவதற்குள் தியாகேசனின் கார் வந்துவிட்டது. செருப்பு சேறாகிவிடும் என்று வரப்பில் இறங்காமல் ரோட்டிலேயே நின்றார் மகராசன்.

“இது யாரு வச்ச பயிரு?” என்று அதிகாரி கேட்டார்.

இராஜாங்கம் தியாகேசனைப் பார்த்தார். கை தானாகத் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கியது. ஐயா முன்னால் ‘என் பயிர்’ என்று அந்தக் குடும்பத்தில் யாரும் சொன்னதில்லை. நன்றாக விளைந்த வருஷத்தில்கூட ‘ஐயா புண்ணியத்துல வெளஞ்சுது’ என்று சொல்லியே பழகியவர்கள்.

“ஐயா வச்சதுங்க. நாங்க கூடமாட நிக்கிறதுதாங்க.”

கண்ணாத்தாள் முன்னால் வந்தாள். “இல்ல சார், நாங்கதான் குத்தகைக்குச் செய்யிறோம். வெதச்சது, நட்டது, களை எடுத்தது எல்லாம் நாங்க.”

“அதெல்லாம் இல்ல சார்,” என்றார் தியாகேசன். “தினக்கூலிக்கு வர்றவங்க. அவனே சொல்லிட்டானே.”

அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த வயலுக்குப் போனார். நிவாரணம் தியாகேசன் பேருக்கு வந்தது.

தை மாதம் அவர் மறுபடி வந்தார், குத்தகை நெல் கேட்டு. மழை பெய்ததற்கு அவர் என்ன செய்வாராம். வெளியில் வாங்கியாவது பாதி அளக்க வேண்டுமாம். இராஜாங்கம் தலை குனிந்து நின்றார்.

“கூலிக்காரங்க எங்கயாவது குத்தகை அளப்பாங்களாய்யா?” என்றாள் கண்ணாத்தாள், குரலை உயர்த்தாமலே. “அன்னைக்கு அப்படித்தானே சொன்னீங்க. பாத்தா நட்ட கூலியும் களை எடுத்த கூலியும் நீங்கதான் எங்களுக்குத் தரணும்.”

தியாகேசனின் முகம் கறுத்தது. “ரொம்பப் பேசக் கத்துக்கிட்ட. நெலத்த விட்டுட்டுப் போங்க.”

“விட்டுர்றோம். நெல்லு அளக்க மாட்டோம்.”

ஒரு மணி நெல்கூட அவள் அளக்கவில்லை. இராஜாங்கம் திருப்பூர் பஸ் ஏறினார்.

அடுத்த சம்பாவுக்குத் தியாகேசன் ஆள் வைத்து நடவு செய்தார். வேறு வேலை கிடைக்காத கண்ணாத்தாளும் அந்த வரிசையில் நின்று, அதே வயலில், தினக்கூலிக்கு நாற்று நட்டாள். அதிகாரியிடம் சொன்ன பொய்யைத் தியாகேசன் ஒரே வருஷத்தில் உண்மையாக்கிவிட்டார்.