முப்பதில் நின்ற முள்

சீட் மூன்று, ஆள் நான்கு. கிருஷ்ணவேணியின் வீட்டில் அந்தக் காரை வைத்து நடந்த சண்டைகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளம்பும்.

அது இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். புதுச்சேரியில் ஒரு பங்களாவின் பின்புறம் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த அந்தக் கூட்டை, விழுப்புரத்தில் லாரி ஷெட் வைத்திருந்த அவள் அப்பா பெரியதம்பி 1982இல் கயிறு கட்டி இழுத்து வந்தார். இரண்டு வருஷ வேலை. அம்மா கெங்கம்மாள் சோறு வடித்த கையோடு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வந்து துருவைத் தேய்ப்பாள். வேணி தன் தையல் மிஷினில் சீட்டுக்கு ரெக்சின் தைத்தாள். அப்பா இஞ்சினைக் கட்டினார். கிடைக்காத பாகங்களை லேத்தில் தானே கடைந்து போட்டார். தம்பி பாண்டுரங்கன் டிக்கியை வெட்டி, அம்மாவுக்கென்று மூன்றாவதாக ஒரு குட்டி சீட்டை உள்ளே இறக்கினான்.

"ஏறும்மா மகாராணி. கெழவி டிக்கியில போறான்னு ஊரே பாக்கட்டும்."

"கெழவி உங்க அத்தைடா, போக்கத்தவனே," என்று சொல்லிக்கொண்டே ஏறினாள் அம்மா.

புதிதாகக் கட்டிய இஞ்சின் பழக வேண்டும். முதல் ஆயிரம் மைல் வரை வேகம் முப்பதைத் தாண்டக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய், பஸ் ஸ்டாண்டில் டீ குடித்து, வறுத்த வேர்க்கடலை, அவர்கள் பேச்சில் மல்லாட்டை, ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். முறை வைத்து ஒருவர் வீட்டில் தங்குவார். பொங்கலுக்குப் பிறகு வேணியும் ஓட்டப் பழகினாள். பஸ்காரர்கள் ஒலி எழுப்பிக் கிண்டல் செய்தபடி முந்திப் போவார்கள். அவளுக்கு ரோஷம் வந்து கால் அழுந்திவிடும். ஸ்பீடாமீட்டர் முள் நாற்பதைத் தொடும்.

"இவ காலு கனம்டா. இஞ்சினத் தின்னுடுவா. ஆக்சிலேட்டருக்கு அடியில ஏதாவது ஒரு கட்டைய வெச்சிக் கட்டு," என்றார் அப்பா, வேறு ஏதோ வேலையில் இருந்துகொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பாண்டு கட்டினான். முதல் வாரம் அவள் அவனைத் திட்டினாள். மூன்றாவது வாரம் மறந்துபோனாள். மிதி இறங்குவது அவ்வளவுதான் என்று அவள் கால் நம்பிவிட்டது.

பத்தாவது ஞாயிறு அப்பாவின் ஷெட்டுக்கு அவசர லாரி ஒன்று வந்துவிட்டது. வீட்டில் தங்கும் முறை அம்மாவுடையது. அக்காவும் தம்பியும் மட்டும் போனார்கள். கூட்டேரிப்பட்டு தாண்டி ரேடியேட்டர் சூடேறியது. தண்ணீர் மொண்டு வர மல்லாட்டைக் கொல்லைக் கிணற்றுக்கு டப்பாவோடு போனவன், டப்பா இல்லாமல் திரும்பி வந்தான்.

"அக்கா, கடிச்சிடுச்சிக்கா. நல்ல பாம்பு. பாத்தேன்."

அவன் கணுக்காலுக்கு மேல் தன் தாவணியைக் கிழித்துக் கட்டினாள். இஞ்சின் சூட்டையும் தண்ணீரையும் மறந்து ஓட்டினாள். திண்டிவனம் ஆஸ்பத்திரி ஒன்பது மைல். மிதியை அழுத்தினாள். முள் முப்பதில் நின்றது. எழுந்து நிற்பதுபோல் முழு எடையையும் போட்டு அழுத்தினாள். முப்பது. "ஏற மாட்டேங்குதுடா, ஏற மாட்டேங்குது," என்று கத்தினாள். பாண்டுவுக்கு இமை சரிந்துகொண்டிருந்தது. நாக்கு குழற, சிரிக்கப் பார்த்தான்.

"முப்பதத் தாண்டாதக்கா. அப்பா திட்டுவாரு."

அதுதான் கடைசிப் பேச்சு. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது மூச்சு நின்றிருந்தது. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்மா," என்றார் டாக்டர்.

அப்பா ஓடி வந்தபோது அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு வேணி சொன்னது இவ்வளவுதான்: "வண்டி ஏறலப்பா. எவ்ளோ அமுக்கியும் ஏறல."

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று, யாரும் தொடாமல் கிடந்த காரைக் கூட்டித் துடைக்கப் போனாள். கால் வைக்கும் இடத்தில் விளக்குமாறு எதிலோ இடறியது. குனிந்து பார்த்தாள். கம்பி சுற்றிய, உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கட்டை.

ஓர் உதை உதைத்திருந்தால் தெறித்துப் போயிருக்கும்.

கம்பியை அவிழ்த்து, கட்டையைத் தையல் மிஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தாள். இதைச் சொன்னால் அப்பா என்ன ஆவார்? கட்டச் சொன்னது அவர் வாய். கட்டியது தம்பியின் கை. மறந்தது அவள் கால். முப்பதில் ஒன்பது மைலுக்குப் பதினெட்டு நிமிஷம். அறுபதில் போயிருந்தால் ஒன்பது. தையல் மிஷினை மிதிக்கும்போதெல்லாம் இந்த ஒன்பது நிமிஷம் அவள் காலுக்கடியில் ஓடியது.

அவள் சொல்லாததால் அப்பா கோளாறைத் தேடத் தொடங்கினார். கார்பரேட்டரைக் கழற்றினார். சித்திரையில் ஹெட்டை இறக்கினார். வைகாசியில் முழு இஞ்சினையும் பிரித்துச் சாக்கின் மேல் பரப்பினார். எதிலும் குறையில்லை. மறுபடி பூட்டினார். ஆனியில் மறுபடி பிரித்தார். லாரிக்காரர்கள் வேறு ஷெட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஆடி பிறந்த அன்று காலை சம்மட்டியோடு ஷெட்டுக்குள் நின்றார்.

"இன்னா பண்றீங்க?" என்றாள் அம்மா வாசலிலிருந்து.

"ஒடச்சிக் காயலான் கடைக்குப் போடப் போறேன். என் கையால கட்டின இஞ்சின் என் புள்ளையக் கைவிட்டுடுச்சி. எங்க தப்புன்னுகூட எனக்குத் தெரியல. தெரியாதவன் இன்னாத்துக்கு ஸ்பானர் புடிக்கணும்? இத்தோட சரி."

வேணி வீட்டுக்குள் ஓடினாள். டிராயரை இழுத்த வேகத்தில் நூல்கண்டுகள் தரையெல்லாம் உருண்டன. கட்டையைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் வைத்தாள்.

"இஞ்சின் மேல தப்பு ஒண்ணும் இல்லப்பா. இது இருந்துச்சி. நான் மறந்துட்டேன்."

அவர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சம்மட்டியைக் கீழே வைத்தார். காரின் கதவைத் திறந்து மண்டிபோட்டு, கட்டையை மிதிக்கு அடியில் வைத்துக் கையால் அழுத்தினார். பாதியில் நின்றது. எடுத்துவிட்டு அழுத்தினார். தரை வரைக்கும் போயிற்று. வைத்து, எடுத்து, வைத்து, எடுத்து. எத்தனை முறை என்று தெரியாது.

"நான்தானம்மா கட்டச் சொன்னேன்."

"என் காலுக்குத்தானேப்பா கட்டினது. ஒரு ஒத ஒதச்சிருந்தா…"

"நான் சொல்லாம இருந்திருந்தா…"

"போதும் நிறுத்துங்க!" அம்மா உள்ளே வந்தாள். "அப்பனும் பொண்ணும் ஆளுக்குப் பாதியாப் பங்கு போட்டுக்கறீங்களே, பாம்புக்கு ஒண்ணும் மிச்சம் வெக்கலியா?"

சொல்லிவிட்டு அவளே சாக்கின் மேல், பிரித்துப் போட்ட பாகங்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். அப்பா எழுந்து வந்தார். வேணியின் தலையில் கிரீஸ் கையை வைத்தார்.

"எத்தினி நாளா இத ஒண்டியா வெச்சிக்கினு இருந்த?"

"பதினாறாம் நாள்லேந்து."

"பைத்தியம்," என்றார்.

இஞ்சினைப் பூட்ட மூன்று வாரம் ஆயிற்று. புது ரிங் போட்டதால் மறுபடி பழக வேண்டும். முதலிலிருந்து ஆயிரம் மைல். ஞாயிற்றுக்கிழமை அப்பா சாவியை வேணியிடம் நீட்டினார். அவள் பின்வாங்கினாள். நீட்டிய கையை அவர் மடக்கவில்லை.

அம்மா பின்னால் ஏறிக்கொண்டாள். யாரும் சண்டை போடவில்லை. இப்போது வீட்டில் ஒருவர் தங்க வேண்டிய அவசியம் இல்லை.

கூட்டேரிப்பட்டு தாண்டிக் கிணறு வந்தது. அப்பா நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தாள், சொல்லவில்லை. இங்கிருந்து நிமிஷத்தை எண்ணுவார் என்று பயந்து அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். வெயில் படாத வெளுத்த தடம் மட்டும் வளையமாகத் தெரிந்தது.

"வாட்ச் எங்கப்பா?"

"வீட்ல வெச்சிட்டேன். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

பின்னால் ஒரு பஸ் ஒலி எழுப்பி நெருங்கி, முந்திப் போயிற்று. அவள் காலுக்கடியில் கட்டை இல்லை. மிதி இன்னும் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது உள்ளங்காலுக்குத் தெரிந்தது. அவள் இறக்கவில்லை. திண்டிவனம் வரை முள் முப்பதிலேயே நின்றது.