படிகத்துக்கு ஒரு மீசை முடி

ஒரு பாக்டீரியா செலினியத்தைச் சேர்த்து ஒரு பொருளைச் செய்துகொள்கிறது. தன் உயிரணு துருப்பிடிக்காமல் இருக்க அதற்கு அது வேண்டும். அந்தப் பொருளைச் செய்யும் நொதியைப் படிகமாக வளர்த்து, எக்ஸ்ரே பாய்ச்சி, அதன் வடிவத்தைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. எங்கள் என்றால், என் மாணவி வேலை செய்வாள், நான் கூட்டங்களில் பேசுவேன். அப்படிப் பேசும்போதுதான், "படிகம் தயார்" என்று இயக்குநரிடம் அளந்துவிட்டேன்.

தயாராக இருந்ததெல்லாம் எக்ஸ்ரேக்கு உதவாத பொடிப்பொடி ஊசிப் படிகங்கள். எக்ஸ்ரே நிலையத்தில் எங்கள் முறை அடுத்த மாதம். அதைத் தவறவிட்டால் மறுமுறை வருவதற்குள் மாணவியின் உதவித்தொகை முடிந்துவிடும். வாயைக் கொடுத்தது நான், மூட்டை கட்ட வேண்டியது அவள்.

"சார், பூனை மீசை கிடைக்குமா?" என்றாள் ஒருநாள்.

பாவம், என்னால்தான் இப்படி ஆகிவிட்டாள் என்று பயந்தேன். அவள் பொறுமையாக விளக்கினாள். மீசை முடியால் பொடிப் படிகத்தைத் தொட்டு, நொதி கரைந்த புதுத் துளியில் ஒரு கோடு இழுக்க வேண்டும். ஒட்டி வந்த துணுக்குகள் விதையாகி, பெரிய படிகமாக வளரும்.

"நம்ம வீட்டுலயே பூனை இருக்கும்மா" என்றேன், நானே பாலூட்டி வளர்த்ததுபோல.

அது என் மனைவியின் பூனை. எல்லா உயிரிடமும் அன்பு வேண்டும் என்று காலையில் கண்மூடிப் பிரார்த்திப்பேன். கண் திறந்ததும் அதை "ச்சூ" என்று விரட்டுவேன்.

அன்று மாலை கத்தரிக்கோலோடு நெருங்கினேன். பூனை பீரோமேல் ஏறிவிட்டது.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"ஒரே ஒரு முடி. ஆராய்ச்சிக்கு."

"உங்க மீசையக் குடுங்களேன்."

"என்னுது தடிமனா இருக்கு."

"தோலும்தான். பூனைக்கு வழி தெரியிறதே மீசையிலதான், வெட்டக்கூடாது. தானா விழும். படுக்கிற இடத்துல தேடுங்க."

"எங்க படுக்கும்?"

"எங்க படுக்க விட்டீங்க?"

அன்றே என் மெத்தை நாற்காலியை அதற்கு விட்டுக்கொடுத்து, முக்காலிக்கு மாறினேன். அன்பு என்று சொல்ல வாய் கூசுகிறது. கலப்படமில்லாத லஞ்சம். பூனை முதலில் நம்பவில்லை, அதற்குப் புத்தி இருக்கிறது. பிறகு ஒருநாள் ஏறிச் சுருண்டது. தினமும் அது எழுந்ததும் மெத்தையைத் தடவிப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது.

ஒரு மழை மாலையில் அது உடம்பைக் குறுக்கிக்கொண்டு தூங்கியது. என் துண்டை எடுத்துப் போர்த்திவிட்டு, ஆராய்ச்சியை மறந்து நானும் முக்காலியிலேயே கண்ணயர்ந்தேன். காலையில் துண்டை உதறப்போனால், நூலில் சிக்கிக்கொண்டு ஒரு வெள்ளை முடி.

மாணவி அதைக் கையில் வாங்கியதும் கேட்டாள்: "பிடுங்கலையே சார்?"

"இல்லம்மா. அதுவா குடுத்தது."

படிகம் வளர்ந்தது. நிலையத்துக்கு அவளே கொண்டுபோனாள். படம் கிடைத்ததும் போனில் அழைத்தாள்.

"செலினியம் எங்க வருதுன்னு தெளிவா தெரியுது சார். நொதிக்கு நடுவுல ஒரு சின்னக் குழி. வர்ற மூலக்கூறுக்கு உக்கார இடம் குடுத்து, அசையாம பிடிச்சுக்குது. மத்ததெல்லாம் அப்புறம்தான்."

அப்போதே கடவுளுக்கு நன்றி சொன்னேன். அடுத்த நன்றியைச் சொல்ல நாற்காலிப் பக்கம் ஓடி, "கிடைச்சிருச்சு" என்றேன் உரக்க.

மனைவி உதட்டில் விரல் வைத்தாள். "மெதுவா பேசுங்க. தூங்குது."

முக்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தேன்.