லிட்டருக்குப் பத்துச் சொட்டு

புது ஃபில்டர் சமையலறைச் சுவரில் ஏறிய நாளிலிருந்து மாமனார் தண்ணீரைச் சரியாகத் தொடுவதில்லை. உப்புக் கரிக்கும் குழாய்த் தண்ணீரில் நாற்பது வருடம் பழகிய நாக்கு.

“இது தண்ணியாம்மா? தண்ணியோட போட்டோ,” என்று டம்ளரை மருமகளிடமே திருப்பி நீட்டுவார்.

போன வாரம் குளியலறையில் மயங்கி விழுந்தார். உடம்பில் நீர் வற்றிவிட்டது, தினமும் இரண்டு லிட்டராவது உள்ளே போகவேண்டும், இன்னொரு தடவை விழுந்தால் ஆஸ்பத்திரியில்தான் படுக்கவேண்டும் என்றார் டாக்டர்.

மருமகள் மருந்துக்கடையில் மினரல் சொட்டு வாங்கி வந்தாள். ஃபில்டர் பிடுங்கிக்கொள்ளும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் திரும்பக் கொடுப்பது. இரண்டு லிட்டர் ஜக்கில் இருபது சொட்டு விட்டாள். கணவனிடம் சொல்லவில்லை. ஃபில்டர் வாங்கியதே தப்பு என்று அவன் ஒரு வார்த்தை சொல்லப்போய், இருவருக்கும் பேச்சு நின்று ஒன்பது நாள்.

மாமனார் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். “கசக்குது. என்னை அனுப்புறதுன்னா சொல்லிட்டு அனுப்புங்க.”

மறுநாள் பயத்தில் அவள் ஒரு சொட்டுகூட விடவில்லை. “திரும்பவும் சப்புன்னு ஆயிடுச்சு,” என்றார். அன்று முழுக்க அரை டம்ளர்தான் இறங்கியது. எழுந்தவருக்குக் கால் தள்ளாடியது.

மூன்றாம் நாள் விடிந்ததும் அவள் சமையலறைக்குப் போனாள். ஷிஃப்டுக்குக் கிளம்பிய கோலத்தில் கணவன், ஜக்கின்மேல் குனிந்து உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். கையில் அதே மாதிரி பாட்டில்.

அவள் தன் பாட்டிலை எடுத்துக் காட்டினாள்.

“முந்தாநாளும் போட்டீங்களா?”

“இருபது.”

“நானும் இருபது.”

“நேத்து பயந்துபோய் போடல,” என்றான்.

“நானும்தான்.”

அவன் தரையைப் பார்த்தான். தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரமானது.

“இப்ப எத்தனை?”

“பன்னெண்டோ என்னவோ. நீ வந்ததுல எண்ணிக்கை விட்டுப்போச்சு.”

அவள் ஜக்கை ஜன்னலோரச் செடியில் கவிழ்த்துவிட்டு மறுபடி நிரப்பினாள். அவன் சொட்டுவிட, அவள் வாய்விட்டு எண்ணினாள். சத்தம் கேட்டு மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

டம்ளரை முகர்ந்தார். ஒரு வாய். அப்புறம் இன்னொன்று. தொண்டை ஏறி இறங்குவதை இருவரும் பார்த்து நின்றார்கள்.

“பரவால்ல, இறங்குது,” என்று காலி டம்ளரை நீட்டினார். “ஊத்து. என்ன வேடிக்கை? உங்க ரெண்டு பேருக்கும் வேலை இல்லையா?”

வாசலில் செருப்பை மாட்டியபடி கணவன் கேட்டான்: “சாயங்காலம் யார் போடுறது?”

“முதல்ல வர்றவங்க. போட்டா சொல்லணும்.”

“சொல்றேன்,” என்றான்.