பண்ணாரிக்குப் போனவர்கள்

தம்பிதுரைக்கு ஐம்பத்தேழு வயது. பீளமேட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு வருடமாக ஆங்கிலம் நடத்துகிறார். அவருடைய அப்பாவும் ஆசிரியர்தான். அதனால் அவர்கள் வீதியில் கதவு எண் கேட்டு வந்தவர் எவருமில்லை. வாத்தியார் வீடு என்று சொன்னால் போதும், கோழிக்கடைக்காரர்கூட வாசல்வரை கூட்டிவந்து விட்டுப்போவார். அந்தப் பெயரில் ஒரு கீறல் விழாமல் இன்னும் பத்து மாதத்தை ஓட்டிவிட்டால் ஓய்வு.

அந்தப் பத்து மாதம்தான் மலையாக நின்றது.

கொரோனா காலத்தில் வகுப்புகள் கணினித் திரைக்குப் போனபோது, பிள்ளைகளுக்குப் பின்னால் பெற்றோரும் உட்கார்ந்து கேட்டார்கள். ஒருநாள் ஒரு தகப்பனார், மைக் திறந்திருப்பது தெரியாமல், "இந்த இங்கிலீசை நம்பி இவன் எங்க போய்ப் பொழைக்கறது?" என்று சொல்லிச் சிரித்தார். தம்பிதுரை ஒன்றும் கேளாதவர்போலப் பாடத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். பள்ளி திறந்த பிறகுதான் தெரிந்தது, அந்தச் சிரிப்பு அவரோடு எழுந்து வந்துவிட்டது. வகுப்பு வாசலில் கால் வைத்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நூறு தடவை சொல்லிக்கொடுத்த சொல்கூட வாய்க்கு வருமா வராதா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

சமாளிக்க வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். வருகைப் பதிவேட்டில் பெயர்களை நிதானமாக, மூச்சு அடங்கும்வரை கூப்பிடுவார். கை நடுக்கம் தெரியாமலிருக்கக் கனமான அகராதி ஒன்றைப் பிடித்துக்கொள்வார். முதல் பத்தியை எவனாவது ஒருவனை எழுப்பி வாசிக்கச் சொல்வார். நாளைக்கு நான்கு வகுப்பு, நான்கு தடவையும் இதே பாடு. சாயங்காலம் வீடு திரும்பும்போது நெல்மூட்டை சுமந்தவரைப்போல அலுத்துப்போயிருப்பார். மனைவி புவனா கேட்டால், "வெயிலு" என்பார். மழைக்காலத்திலும் அதையேதான் சொன்னார்.

கடைசியில் மருத்துவரைப் பார்ப்பதென்று முடிவு செய்தார். மனநல மருத்துவர்கள் கோயமுத்தூரில் வீதிக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஆனால் அந்த வீதிகளில் எல்லாம் அவரிடம் படித்தவர்கள் இருந்தார்கள். ஒருவன் பார்த்தால் போதும், வாத்தியார் ஊட்டு ஆளுக்கு மண்டை சரியில்லை என்று பேச்சாகிவிடும். ஆகவே பண்ணாரி கோயிலுக்குப் பக்கத்திலுள்ள சத்தியமங்கலத்தில் ஒரு மருத்துவரை விசாரித்து வைத்துக்கொண்டு, சனிக்கிழமை காலை, "பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுப்போட்டு வாரேன்" என்று புவனாவிடம் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினார். அந்த 'வெயிலு'வைத் தவிர்த்தால், ஐம்பத்தேழு வயதில் மனைவியிடம் சொன்ன முதல் பொய். அன்னூர் தாண்டும்வரை அது அவரைக் குத்திக்கொண்டே வந்தது.

மருத்துவமனைக் கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். பேர் எழுதிய பெரியவர் பாலுசாமி நிமிர்ந்து பார்த்தார்.

"கோயமுத்தூருங்களா?"

"ஆமா. மெதுவாப் பேசுங்க."

"பண்ணாரிக்குப் போறேன்னு சொல்லிப்போட்டு வந்தீங்களாக்கு?"

தம்பிதுரை சுற்றுமுற்றும் பார்த்தார்.

"வெசனப்படாதீங்க. சனிக்கிழமைன்னா பாதிப்பேரு உங்கூருதானுங்க. ஒருத்தருக்கொருத்தர் தெரியாம இருக்கோணும்னு அத்தனை பேரும் இங்கயே வாரீங்க. போறப்ப எதிர்த்தாப்புல இருக்கற கடையில குங்குமப் பொட்டலம் வாங்கிக்குங்க. ஊட்டுல கேப்பாங்கல்ல?"

சிரிப்பதா எழுந்து போவதா என்று புரியாமல், தம்பிதுரை ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு பெண், துப்பட்டாவால் பாதி முகத்தை மறைத்திருந்தாள். மடியில் குங்குமப் பொட்டலம். துப்பட்டா விலகியதும் இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

யுவஸ்ரீ. அவருடைய துறையிலேயே ஆங்கிலம் நடத்துகிறவள், சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. அவளைப் பணியில் உறுதி செய்யலாமா கூடாதா என்று எழுதித்தர வேண்டியவர் துறைத்தலைவரான தம்பிதுரை. வெள்ளிக்கிழமை அவள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதியும் வைத்துவிட்டார்: 'வகுப்பில் நுழைந்ததும் மாணவர்களைப் பார்ப்பதில்லை. பலகையைப் பார்த்தபடி நிற்கிறார். குரல் நடுங்குகிறது. உறுதி செய்யப் பரிந்துரைக்க இயலவில்லை.' முதல்வரிடம் அன்றே வாய்வார்த்தையாக வேண்டாம் என்று சொல்லியாயிற்று; எழுத்து திங்கட்கிழமை போக வேண்டும். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அவள் குரல் நடுங்கியபோது கடைசி பெஞ்சில் வியர்த்தது யாருக்கு என்பதை அவர் எழுதவில்லை. துறைக்கு இப்படி ஓர் ஆள் இருப்பதே அதிகம், இன்னொருவர் எதற்கு என்றுதான் எழுதினார்.

"சார்... யாரையாச்சும் பார்க்க வந்தீங்களா?" அவளே ஒரு வழி திறந்துவிட்டாள்.

அதில் நுழைந்து தப்பித்திருக்கலாம். ஒருநாளுக்கு ஒரு பொய் போதும் என்று தோன்றியது. "டாக்டரைத்தான், அம்மணி. எனக்குத்தான்."

அவள் துப்பட்டாவை முழுக்க விலக்கிக்கொண்டாள். பிறகு, "க்ளாஸுக்குப் பயந்துங்களா?" என்றாள்.

"க்ளாஸுக்குத்தான்."

"உங்களுக்கா? நீங்க அட்டென்டன்ஸ் எடுக்கறதைப் பார்த்துப்போட்டு நாங்க எல்லாம், 'ஆளு மலைமாதிரி நிக்கறாரு'ன்னு பேசிக்குவமுங்க சார்."

"மலை இல்லை. மூச்சு வாங்கிட்டு நிக்கறேன்."

அவள் சட்டென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் உள்ள போனதும் போர்டுல ஒரு வரி எழுதுவனுங்க. திரும்பறதுக்குள்ள நடுக்கம் கொஞ்சம் நின்னுரும். பிள்ளைக, 'மிஸ்ஸு கையெழுத்து அழகு'ன்னு நினைச்சுக்கிட்டிருக்குதுக."

அவள் பலகைப் பக்கம் திரும்பி நின்றதைத்தான் குறை என்று எழுதி வைத்திருந்தார். அவருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவளுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள் குனிந்து, "சார், நான் யாருகிட்டயும் சொல்லமாட்டனுங்க. நீங்க பயப்படாதீங்க. என்னோட ரிப்போர்ட் மட்டும் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மிரட்டவில்லை. கெஞ்சத்தான் செய்தாள். இருந்தும் கன்னத்தில் அறை வாங்கியதுபோல இருந்தது அவருக்கு. மருத்துவர் கேட்டதற்குப் பதில் சொன்னார், மாத்திரையை வாங்கிக்கொண்டார், எதுவும் மனதில் ஏறவில்லை. திரும்பும் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி அதையே உருட்டிக்கொண்டு வந்தார். அறிக்கையை அப்படியே கொடுத்தால், தன் நோய்க்கு இன்னொருத்தியைத் தண்டித்ததாகும். மாற்றிக்கொடுத்தால், அவள் வாயை அடைக்க மாற்றியதாகும். அவள் ஆயுசுக்கும் அப்படித்தான் நினைப்பாள், நினைக்கவும் நியாயம் உண்டு. வாத்தியார் வீட்டில் பயந்தவர்கள் இருந்திருக்கலாம். பேரம் பேசியவர்கள் இருந்ததில்லை.

சனிக்கிழமை இரவு தூங்கவில்லை. ஞாயிறு சாயங்காலம் உட்கார்ந்து புதிதாக எழுதினார்: 'தொடக்கத்தில் குரல் நடுங்குகிறது. பாடம் பிசகவில்லை. கட்டுரை நோட்டுகளை வரிக்கு வரி திருத்தியிருக்கிறார். உறுதி செய்யலாம்.' அந்த நோட்டுகளை வெள்ளிக்கிழமையே பார்த்திருந்தார். அன்று எழுத மனம் வரவில்லை.

திங்கள் காலை முதல்வர் கிருபாசங்கர் அதை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர்.

"ஏனுங்க சார், வெள்ளிக்கிழமை வேண்டாம்னு சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிப்போட்டனுங்க."

"ரெண்டு நாள்ல என்ன ஆச்சு?"

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சனிக்கிழமை நான் சத்தியில மனநல டாக்டரைப் பார்த்தேன். நாலு வருசமா க்ளாஸுக்குள்ள போறதுக்கு நடுங்கறேன். நடுங்கறவங்க நடத்தக் கூடாதுன்னா, மொதல்ல என்னை நிறுத்தோணும். அந்தப் புள்ளையை ஒருமாதிரியும் என்னை ஒருமாதிரியும் எடை போடறது சரியில்லீங்க."

கிருபாசங்கர் பேனாவை மூடித் திறந்து மூடினார். "இதை நீங்க என்கிட்டச் சொல்லியிருக்க வேண்டியதே இல்லீங்களே சார்."

"சொல்லோணும்."

"அந்தம்மாவை உறுதி செஞ்சுரலாம். ஆனா சார்..." கிருபாசங்கர் இவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "பரீட்சை வருசம். நிர்வாகத்துக்குத் தெரிஞ்சா நான் பதில் சொல்லோணும். ப்ளஸ் டூவை வேற ஆளுகிட்டக் குடுத்துக்கறனுங்க. நீங்க இன்னைக்கிருந்தே ஆறாங்கிளாஸ் பாருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இருபத்திரண்டு வருடம் ப்ளஸ் டூ நடத்தியவர். "சரிங்க" என்று சொல்லி எழுந்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டுதான் வெளியே வந்தார், படிக்கட்டு வரைக்கும் அந்த நிமிர்வு தாங்கியது.

படியில் யுவஸ்ரீ ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது.

"சார், முதல்வர்கிட்டச் சொல்லிப்போட்டீங்களாமா? வெளிய நின்ன பியூன் எல்லாத்தையும் கேட்டுப்போட்டு அதுக்குள்ள ஆபீஸ்ல சொல்லிட்டாரு. என்னையும் அங்க பார்த்தேன்னு...?"

"உன்ற பேரை எடுக்கலை கண்ணு. நான் போனதை மட்டும் சொன்னேன்."

"எதுக்குங்க சார்? நான்தான் சொல்லமாட்டேன்னு சொன்னேனில்ல?"

"நீ சொன்னதனாலதான். மாத்தி எழுதிப்போட்டு நான் வாயை மூடிக்கிட்டிருந்தா, அது பேசி வெச்சு செஞ்ச மாதிரி ஆயிரும். நானும் உன்னைப் பார்க்க முடியாது, நீயும் என்னைப் பார்க்க முடியாது."

அவளுக்குக் கண் நிறைந்தது, கோபமும் வந்தது. "உங்க கவுரவத்துக்கு ப்ளஸ் டூ போச்சுங்க சார். இப்ப அத்தனை பேரும் பேசப்போறாங்க."

"பேசட்டும். பேசறதுக்குப் பயந்துதானே நாலு வருசம் செத்துக்கிட்டிருந்தேன்." கைப்பிடியில் சாய்ந்துகொண்டார். "புவனாவுக்கு யாராச்சும் ஃபோன் போடறதுக்குள்ள நானே சொல்லிரோணும். அதுதான் இதைவிடக் கஷ்டம்."

"இப்பவே போடுங்க சார். நான் தள்ளி நின்னுக்கறேன்."

"இல்லம்மணி. நேர்ல சொல்லோணும். இப்ப எனக்கு அடுத்த பீரியட் ஆறாங்கிளாஸ்."

மணியடிக்க நான்கு நிமிடம் இருந்தது. நாக்கு உலர ஆரம்பித்துவிட்டது. மாத்திரை வேலை செய்ய இரண்டு வாரமாகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். யுவஸ்ரீ கீழே இறங்கிப்போனாள். அவர் ஒவ்வொரு படியாக மேலே ஏறினார்.